ரிப்பன் வெட்டிய பிறகு: ஒரு கிராமக் குடிநீர்த் திட்டத்தை ஓட வைப்பது எப்படி

தொட்டிக்கு வெள்ளையடித்து, கல்வெட்டு பதித்து, ரிப்பன் வெட்டிய அன்று எந்தக் குடிநீர்த் திட்டமும் நன்றாகத்தான் ஓடும். முதல் தடவை மோட்டார் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) எரியும் நாளில்தான் திட்டத்தின் லட்சணம் தெரியும். மெக்கானிக்கை யார் கூப்பிடுவது, மோட்டாரைத் தூக்குகிற கூலி எந்தக் கணக்கில் போகும், அதுவரை ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்த மூன்று கேள்விக்கும் முன்பே பதில் எழுதி வைத்த ஊரில் இரண்டு நாளில் தண்ணீர் வரும். எழுதி வைக்காத ஊரில் இருபது நாள் ஆனாலும் வராது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் போட்ட அடிபம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடவில்லை என்று ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு 2009இல் மதிப்பிட்டது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலேறும் என்று சொல்லி ‘பிளே பம்ப்’ வந்தது. 2006இல் பெரிய அறிவிப்போடு, 4,000 பம்பு வைப்பதாகக் கிளம்பி, நாலைந்து வருடத்துக்குள் அடங்கிப்போனது. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள் குனிந்து ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது; கெட்டுப்போனால் உள்ளூரில் கழற்றிப் பார்க்க ஆளும் இல்லை, பாகமும் இல்லை. அடிபம்பில் நம் பங்கும் உண்டு. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துத் தேறிய ‘இந்தியா மார்க் 2’ உலகம் முழுக்கப் போன நல்ல பம்பு. ஆனால் அமிலத்தன்மை கூடிய நிலத்தடி நீர் உள்ள மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில் அதன் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அரித்து, தண்ணீர் துரு நிறத்தில், இரும்பு வாடையோடு வந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தபோதே மக்கள் பழைய ஓடைக்குத் திரும்பினார்கள். குழாய் வாங்குவதற்கு முன், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைத் தண்ணீரில் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு மேல்நிலைத் தொட்டி, 300 வீடு, 1,200 பேர் உள்ள ஒரு தமிழ்நாட்டு ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த ஊருக்கு. உங்கள் ஊரின் எண்களைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

ஒப்படைப்புக் கையெழுத்துக்கு முன்

வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 1,200 பேருக்கு 66,000 லிட்டர். கசிவுக்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 76,000 லிட்டர். போரில் அவ்வளவு இருக்கிறதா என்பதை ஒரு 200 லிட்டர் பேரலும் கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்சும் சொல்லிவிடும். பேரல் 80 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 150 லிட்டர், மணிக்கு 9,000. எட்டரை மணி நேரம் ஓட்டினால் ஊருக்குப் போதும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், சோதனை ஐப்பசியில் நடக்கிறது, தண்ணீர் சித்திரையில் வேண்டியிருக்கிறது. அதே போரில் மே மாதம் பேரல் நிரம்ப 133 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 90 லிட்டர்தான். அதே 76,000 லிட்டருக்கு 14 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் அத்தனை நேரம் ஒழுங்காக வருமா என்பது ஒரு கேள்வி. அவ்வளவு நேரம் இழுத்தால் போர் தாங்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதனால் சோதனையை ஏப்ரல், மே மாதத்தில் வையுங்கள். மழைக்காலத்தில்தான் ஒப்படைக்கிறார்கள் என்றால், கோடையில் மறுசோதனை செய்து, அளவு குறைந்தால் ஒப்பந்ததாரரோ துறையோ மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுத வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் அடுத்த பொறியாளர் வரும்வரைதான் செல்லும்.

சோதனை என்பது பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சிக் காட்டுவது கிடையாது. தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓட்டி, அரை மணிக்கு ஒருமுறை போருக்குள் நீர்மட்டத்தை டேப் விட்டு அளந்து எழுதுங்கள். முதல் இரண்டு மணி நேரம் மட்டம் இறங்கும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். நின்றால் நல்லது. எட்டாவது மணி நேரத்திலும் இறங்கிக்கொண்டே இருந்தால் இந்த வேகத்தில் இந்தப் போர் கொடுக்காது; சின்ன மோட்டார் போட்டு அதிக நேரம் ஓட்டுவதுதான் வழி.

அடுத்தது காகிதம். இதில்தான் பல ஊர்கள் ஏமாறுகின்றன. போரும் தொட்டியும் இருக்கிற இடம் யார் பெயரில் இருக்கிறது? தனியார் நிலத்தில் வாய்மொழியாக ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னவரின் மகன் நாளைக்கு வேலி போட்டால், மோட்டார் ரூமுக்குப் போக வழி இருக்காது. தானப் பத்திரம் ஊராட்சியின் பெயரில் பதிவாகி, பட்டாவும் மாறியிருக்க வேண்டும். கூடவே இவற்றையும் கையில் வாங்குங்கள்: போட்டபடியே வரைந்த குழாய் வரைபடம், அதில் ஒவ்வொரு வால்வும் எந்த மின்கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற குறிப்பு, போரின் ஆழம், கேசிங் (போரின் சுவர் சரியாமல் இறக்கும் குழாய்) நீளம், மோட்டார் இறக்கிய ஆழம், மோட்டார் நேம்பிளேட்டின் படம், வாரண்டி அட்டை, மின் இணைப்பு எண், அழுத்தச் சோதனை அறிக்கை, தண்ணீர் பரிசோதனை அறிக்கை. குழாய் வரைபடத்தை மட்டும் ‘அப்புறம் தருகிறோம்’ என்பார்கள். அது வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். மண்ணுக்குள் போன குழாயைத் தேடி மூன்று வருடம் கழித்துத் தெருவைத் தோண்டும் செலவு ஊராட்சியுடையது.

மோட்டார்

கிராமத் திட்டம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மேற்சொன்ன ஊருக்குக் கோடையில் நீர்மட்டம் 60 மீட்டர், தொட்டி உயரம் 12, குழாய் உராய்வும் மேடும் சேர்த்து 8, ஆக 80 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 150 லிட்டர் ஏற்ற வேண்டும். 5 ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார் போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 7.5 போடுவது போருக்கு நல்லதில்லை. போர் கொடுப்பதைவிட வேகமாக இழுத்தால் பம்பு தண்ணீரில்லாமல் ஓடும், மணலையும் சேர்த்து இழுக்கும்.

பேனல் போர்டில் உள்ள ஆம்பியர் மீட்டர்தான் மோட்டாரின் நாடி. 5 ஹெச்பி மும்முனை மோட்டார் சாதாரணமாக 8 முதல் 9 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் மோட்டாருக்கான சரியான அளவு நேம்பிளேட்டில் இருக்கும். முள் 6க்கு இறங்கினால் போரில் தண்ணீர் இல்லை, அல்லது மோட்டாரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாயில் (காலம் பைப்) ஓட்டை. அளவுக்கு மேல் ஏறினால் பியரிங் போகிறது, அல்லது மணல் இறுக்குகிறது, அல்லது வோல்டேஜ் குறைவு. மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸில் ஆம்பியர் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் அன்றைக்கு ஓட்டவே கூடாது. மோட்டார் இயக்குபவர் காலையில் சுவிட்ச் போட்டதும் ஐந்து நிமிடம் நின்று இந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் போனால், காயில் எரிவதற்குப் பல நாள் முன்பே தெரிந்துவிடும்.

காயில் எரியும் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறது. ஊர் சத்தம் போடுகிறது. யாரோ ஒருவர் ரிலேயை விலக்கி நேரடியாக வயர் கொடுத்துவிடுகிறார். அல்லது ஒரு பேஸ் வராத நாளில் கண்டன்சர் வைத்து டூ-பேஸில் ஓட்டுகிறார். அன்றைக்குத் தண்ணீர் வருகிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள், அடுத்த வாரம் மோட்டார் புகைகிறது. டிரிப் ஆவது ரிலேயின் கோளாறு கிடையாது, அது தன் வேலையைச் செய்கிறது. பேனலுக்குள், ஒரு பேஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், போரில் தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்தும் டிரை-ரன் பாதுகாப்பும் இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று ஒப்படைப்பு நாளிலேயே ஒரு ஃபியூஸைக் கழற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பேனலைப் பூட்டி, சாவியை இயக்குபவரிடம் ஒன்றும் கிராமக் குடிநீர்க் குழுவிடம் ஒன்றுமாகக் கொடுங்கள்.

எரிந்த காயிலுக்குப் புதுக் கம்பி சுற்ற, அதாவது ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது மோட்டாரின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ காப்பர் வயர் சுற்றப்போகிறார்கள் என்று மதிப்பீட்டில் எழுத வையுங்கள். எடை குறைத்துச் சுற்றினால் சூடேறி சீக்கிரம் போகும், ஒரே வருடத்தில் மூன்று தடவை ரீவைண்டிங் பில் வரும் ஊர்களில் காரணம் பெரும்பாலும் இதுவோ அல்லது மேலே சொன்ன நேரடி வயரோதான். திரும்பக் குழிக்குள் இறக்கும் முன் மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் (மின்கசிவுத் தடுப்பு) பார்க்காமல் விடாதீர்கள். இறக்கிய பிறகு தெரிந்தால் இரண்டாம் தடவைத் தூக்குக் கூலி.

முடிந்தால் ஒரு உபரி மோட்டார் வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். பக்கத்து ஊராட்சியும் அதே அளவு மோட்டார் ஓட்டினால் பாதிப் பாதிப் போட்டு வாங்கலாம். காயில் எரிந்த அன்றே இதை இறக்கிவிட்டு, எரிந்ததை நிதானமாகச் சரிசெய்யலாம்.

கடைக்கோடி வீட்டில் ஒரு குடம்

விநியோகத்தைச் சோதிக்க தொட்டியடியில் நிற்காதீர்கள். தண்ணீர் திறக்கும் நேரத்தில் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தை வைத்து நேரம் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். ஒரு மணி நேரம்தான் திறக்கிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு 3.7 லிட்டர் வர வேண்டும். அதாவது குடம் நாலு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நிமிடத்திலும் கடைக்கோடியில் பத்து நிமிடத்திலும் நிரம்பினால், போரில் தண்ணீர் இருந்தும் பாதி ஊருக்குத் திட்டம் தோற்றுவிட்டது.

சரிசெய்வது வால்வில் இருக்கிறது. ஊரை இரண்டு அல்லது மூன்று பகுதியாகப் பிரித்து, மேட்டுப் பகுதிக்கும் கடைப் பகுதிக்கும் முதலில் திறக்க வேண்டும். தொட்டிப் பக்கத் தெருக்களின் வால்வை முழுவதும் திறக்காமல் சுற்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: ‘வடக்குத் தெரு 4 சுற்று, பள்ளிக்கூடத் தெரு 6 சுற்று’ என்று சுவரில் எழுதலாம். ஒவ்வொரு தடவையும் கடைக்கோடியில் குடம் வைத்துப் பார்த்து, அரைச் சுற்று கூட்டிக் குறைத்து, ஒரு வாரத்தில் சரியான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

பிறகு மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள். ஒரு வீடு உறிஞ்சினால் அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குக் காற்றுதான் வரும். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இருக்கிறது. ஆனால் தண்ணீர் வராத தெருவில் போய்த் துண்டித்தால் சண்டைதான் மிச்சம். முதலில் வால்வைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு துண்டியுங்கள்.

அழுத்தம் குறைந்த ஊரில் இன்னொன்றும் பார்க்கலாம்: வாசலில் இரண்டு மூன்றடிக் குழி, அதற்குள் குழாய், அதற்குள் குடம். தரைமட்டத்துக்கு வராத தண்ணீர் குழிக்குள் வரும் என்பதால் மக்களே கண்டுபிடித்த வழி. மழை பெய்தால் குழியில் சாக்கடைத் தண்ணீர் தேங்கும். விநியோகத்தை நிறுத்தியதும் குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் அதை உள்ளே இழுக்கும். அடுத்த நாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான். வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் வரிசையாக வந்தால் முதலில் இந்தக் குழிகளைப் பாருங்கள். அபராதம் போட்டு மூட முடியாது. அழுத்தம் வந்தால் அவர்களே மூடிவிடுவார்கள்.

கடைக்கோடியில் இருப்பது பெரும்பாலும் காலனி என்பதையும் மூடி மறைக்க வேண்டாம். குழாய் போட்ட வரிசையில் சாதி இருக்கிறது. வால்வு திறக்கும் வரிசையில் அதை மாற்றலாம்: காலனிக்கு முதலில் திறக்க ஒரு தீர்மானம் போதும், செலவு ஒன்றுமில்லை. தொட்டியின் ஏணிக்குக் கதவும் மேல்மூடிக்குப் பூட்டும் கட்டாயம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் எத்தனையோ தொட்டிகளின் மூடி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

பிளீச்சிங் பவுடர்

1,000 லிட்டருக்கு 4 கிராம். 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். நாளைக்கு 76,000 லிட்டர் ஏற்றும் ஊருக்கு மாதம் 9 கிலோவுக்குச் சற்று மேல். பவுடரை நேராகத் தொட்டிக்குள் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டி நிரம்பத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். நிரம்பியபின் அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கலாம்.

அளவு சரியா என்று கடைக்கோடிக் குழாய்தான் சொல்லும். அங்கே மிச்ச குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் நிறமே வரவில்லை என்றால் பவுடர் வீரியம் இழந்திருக்கலாம். புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும்; மூட்டை திறந்து, ஈரம் பட்டு, மோட்டார் ரூம் மூலையில் மூன்று மாதம் கிடந்தால் அது வெறும் சுண்ணாம்பு. அதனால் ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக் குவிப்பது சிக்கனம் ஆகாது.

உப்பு, ஃபுளோரைடு போன்றவற்றுக்குக் குளோரின் ஒன்றும் செய்யாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு பகுதிகளில் ஒகேனக்கல் மாதிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருகிற ஊரில், அதையும் உள்ளூர்ப் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்கும் பழக்கத்தை விட வேண்டும். கணக்கு இதுதான்: போரில் லிட்டருக்கு 3.0 மில்லிகிராம் ஃபுளோரைடு, கூட்டுத் திட்டத்தில் 0.4 என்றால், பாதிக்குப் பாதி கலந்த தொட்டியில் 1.7. இந்தியத் தர அளவு 1.0, வேறு வழியே இல்லாதபோது 1.5. நல்ல தண்ணீரைக் கொண்டுவந்த செலவு முழுக்க வீண். போர் தண்ணீருக்குத் தனி சின்டெக்ஸ் தொட்டி வைத்து, ‘குளிக்க, துவைக்க மட்டும்’ என்று எழுதிப் போடுங்கள்.

மாதக் கணக்கு

5 ஹெச்பி மோட்டார் எட்டரை மணி நேரம் ஓடினால் நாளைக்குச் சுமார் 42 யூனிட், மாதம் 1,250. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 10,000 ரூபாய். இயக்குபவர் சம்பளம் 6,000 என்று வையுங்கள். பிளீச்சிங் பவுடர் 400. கசிவு, வால்வு, ஸ்டார்ட்டர் சில்லறை வேலைகளுக்கு 3,000. ரீவைண்டிங்குக்கும் தூக்கிறக்கும் கூலிக்கும் மாதம் 2,000 ஒதுக்க வேண்டும். ஐந்து வருடத்தில் புது மோட்டார் வாங்க மாதம் 700. மொத்தம் 22,100, வீட்டுக்கு 74 ரூபாய்.

வீட்டுக்கு 30 ரூபாய் வைத்து, பத்துக்கு ஏழு வீடு கட்டினால் 6,300தான் வரும். மீதி 15,800 எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் அரசு மானியம் வரும் தனிக் கணக்கிலிருந்து போகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதனால் தொட்டி வழிந்தோடும் மின்செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. 2021 முதல் 2026 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. பைப்லைன் நீட்டிப்புக்கு அந்தப் பணம் ஓடிவிடும்; கல்வெட்டு வைக்க முடியாத ரீவைண்டிங்குக்கு ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

கட்டணத்தை ஒரேயடியாக 74க்கு ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். வீட்டுக் கட்டணம் இயக்குபவர் சம்பளத்தையும் ரிப்பேரையும் தாங்கட்டும். மின்சாரத்தை மானியம் தாங்கட்டும். இந்த ஊரில் சம்பளம், பவுடர், ரிப்பேர், ரீவைண்டிங், மோட்டார் நிதி சேர்த்து 12,100. பத்துக்கு எட்டு வீடு கட்டினால், வீட்டுக்கு 50 ரூபாய் வைத்தால் 12,000. கிட்டத்தட்டச் சரி.

சாவி யார் கையில்

1992இன் 73ஆவது சட்டத்திருத்தம் குடிநீரை ஊராட்சியின் பட்டியலில் வைத்தது. ஜல் ஜீவன் வழிகாட்டுதல் 10 முதல் 15 பேர் கொண்ட, பாதிப் பெண்கள் உள்ள கிராமக் குடிநீர்க் குழுவையும், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சியையும் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. குழு நிஜமா பொய்யா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: இயக்குபவர் வேலைக்கு வரவில்லை என்றால் அவரைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு? தலைவரைத் தவிர வேறு பதில் இல்லையென்றால் குழு வெறும் பெயர்ப்பட்டியல். அதிலும் தலைவர் மாறும்போது இயக்குபவரும் மாறும் ஊர்களில், எந்த வால்வு எத்தனை சுற்று என்ற அறிவும் அவரோடு போய்விடும். தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் நடத்தும் காலத்தில் கேட்க ஆளே இருக்காது.

இதற்கு மூன்று தீர்மானம் போடுங்கள். இத்தனை ரூபாய் வரை அவசர ரிப்பேருக்குக் கூட்டம் கூட்டாமல் செலவு செய்து பிறகு ஒப்புதல் பெறலாம், வரம்பு ரீவைண்டிங் செலவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரீவைண்டிங் கடையோடு வருடத் தொடக்கத்திலேயே விலை பேசி முடிக்க வேண்டும். இயக்குபவர் நியமனமும் நீக்கமும் குழுவின் எழுத்துப்பூர்வக் கருத்தோடு மட்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை உண்டு. கோடை தொடங்கும் நேரம். வருட வரவு செலவு, மோட்டார் எத்தனை தடவை எரிந்தது, கடைக்கோடிக் குடம் எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் அன்று வாசிக்க வையுங்கள்.

கடைசியாக மோட்டார் ரூம் சுவர். உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுத வேண்டியவை: மோட்டார் ஹெச்பி, சரியான ஆம்பியர், இறக்கிய ஆழம், மின் இணைப்பு எண், வால்வுச் சுற்றுகள், பவுடர் அளவு, தொட்டி கழுவிய தேதி, லைன்மேன், ரீவைண்டிங் கடை, மோட்டார் தூக்கும் ஆட்கள் ஆகியோரின் எண்கள், இயக்குபவர் விடுப்பில் போனால் வரும் மாற்று ஆளின் பெயர். அந்த மாற்று ஆளுக்கு மாதம் இரண்டு நாள் கூலி கொடுத்து ஓட்ட விடுங்கள். பொங்கலுக்கு இயக்குபவர் மாமியார் வீட்டுக்குப் போன அன்றைக்கு முதல் தடவையாகச் சாவியை அவர் கையில் கொடுத்தால், ஸ்டார்ட்டரில் எந்தப் பட்டனை முதலில் அழுத்துவது என்பதே அவருக்குத் தெரியாது.